பொறியும் அறிவும்: பள்ளிக் கலைச்சொற்கள் சிலவற்றின் வரலாறு

தமிழிற் கலைச்சொல்லாக்கம் ஓர் இயக்கமாக உருப்பெற்றது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலாகும். 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோர் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை நிறுவினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் பள்ளிப் பாடங்களுக்கு வேண்டிய சொற்களைத் தொகுத்து 1938இல் வெளியிட்டது. 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தபோது, வடசொல்லோ தமிழ்ச்சொல்லோ என்னும் பூசல் நாடறிய மூண்டது. அப்பூசல் சொல்லின் வேரைப் பற்றியது. செயற்கை நுண்ணறிவு பள்ளிப் பாடமாக நுழைந்துவிட்ட இந்நாளில் நம்முன் நிற்கும் வினா வேறு. ஒரு பொறி அறிகிறது, கற்கிறது என்று மாணவனுக்குச் சொல்கிறோம்; அச்சொற்கள் அவனுக்குப் பொருளை உள்ளவாறு உணர்த்துகின்றனவா என்பதே அவ்வினா.

இத்துறையின் ஆங்கிலப் பெயர் 1955இல் மெக்கார்த்தி, மின்ஸ்கி, ரோச்செஸ்டர், ஷானன் ஆகிய நால்வர் விடுத்த ஆய்வு வேண்டுகோளில் இடம்பெற்றது. மறு ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் நிகழ்ந்த கூட்டத்தால் அது நிலைபெற்றது. அப்பெயர் செய்து முடித்த ஒரு பொருளுக்கு இட்டதன்று; செய்ய விழைந்த பொருளுக்கு முன்கூட்டி இட்டது. பிறவாத பிள்ளைக்குப் பெயர் வைத்தமை போன்றதே இது. பெயரின் பொருள் குறித்த ஐயங்களுட் பல இதனின்றே பிறந்தன எனலாம்.

தமிழிற் ‘செயற்கை அறிவு’ என்பாரும் உளர். எனினும் ‘செயற்கை நுண்ணறிவு’ என்பதே பெருவழக்கு. நுண்ணறிவு என்னுஞ் சொல் கல்வி உளவியல் நூல்களில், நுண்ணறிவுச் சோதனை, நுண்ணறிவு ஈவு என்றாற்போல, முன்னரே வழங்கியது. கணினித்துறையார் அதனைக் கடன்கொண்டனர் எனக் கருத இடமுண்டு. வெறும் ‘அறிவு’ என்னாதது நன்றேயாம். தொல்காப்பிய மரபியலில் அறிவு உயிர்களின் பகுப்புக்கு அடிப்படையாக நிற்கிறது. புல்லும் மரமும் ஊற்றுணர்வு மட்டும் உடைமையின் ஓரறிவின; ஆறாவது அறிவு மனம். அங்கு அறிவு என்பது உயிர் உடையதற்கே உரியது. உளவியலார் கூறும் நுண்ணறிவோ சிக்கலைத் தீர்க்கும் ஆற்றலை அளந்து காட்டும் ஒரு பெயர். உயிரில்லாத பொறிக்கு இவ்விரண்டனுள் பின்னதே பொருந்தும். ஆயினும் ‘நுண்’ என்னும் அடையைக் கண்ட மாணவன், இது மக்களறிவினும் நுட்பமானது போலும் என்று மயங்குதல் இயல்பு. ஆசிரியர் இதனை விளக்காது விடலாகாது.

‘செயற்கை’ என்னும் முற்பகுதியே நம் கருத்தை மிகுதியும் ஈர்ப்பது. இயற்கைப் பொருள், செயற்கைப் பொருள் என இருவகைப்படுத்தி, அவற்றைச் சொல்லும் முறையும் வேறு எனக் கிளவியாக்கத்தில் விதித்தார் தொல்காப்பியர். இயற்கைப் பொருளை இத்தன்மைத்து என்று வாளா கூறலாம். நீர் குளிர்ந்தது என்பதற்குக் காரணம் வேண்டா. செயற்கைப் பொருளையோ ஆக்கச்சொல் கொடுத்துச் சொல்லவேண்டும். அவ்வாக்கமும் காரணத்தை முன்னிட்டு வருதல் வேண்டும். எருவிட்டுக் களை எடுத்தமையாற் பயிர் நன்றாயிற்று என்ற போக்கில் உரையாசிரியர் எடுத்துக்காட்டுத் தருவர். ‘பயிர் நன்று’ என்று மட்டும் கூறின் உழவன் மறைந்துவிடுகிறான் அல்லவா? உலக வழக்கிற் காரணம் இன்றியும் ஆக்கச்சொல் வரும் என அவ்வாசிரியரே உடன்படுகிறார். ஆயின் பாடநூல் உலக வழக்கன்று. ‘இப்பொறி முகத்தை அறியும்’ என்னும் தொடர் செயற்கைப் பொருளை இயற்கைப் பொருள்போற் கூறுவது. ‘பெயர் குறித்த பல படங்களைக் கொடுத்துப் பயிற்றியமையால் இப்பொறி முகங்களை வேறுபடுத்துவதாயிற்று’ என்பதே இலக்கண முறைக்கும் உண்மைக்கும் ஒத்த தொடர். பயிற்றினோர் யாவர், எப்படங்களைக் கொடுத்தனர், எவற்றைக் கொடாது விட்டனர் என்னும் வினாக்கள் அத்தொடரினின்று தாமே எழும்.

1959இல் ஆர்தர் சாமுவேல் கட்டக் காய் ஆட்டம் பற்றிய தம் கட்டுரையின் தலைப்பில் ஆண்ட ‘இயந்திரக் கற்றல்’ என்பதும் ஆராயத்தக்கது. இயந்திரம் கற்கிறது என எழுவாய்த் தொடராக்கின் வல்லெழுத்து மிகாது. மிகுந்தமையின் இது வேற்றுமைத் தொகை. இயந்திரத்தைக் கற்றல், இயந்திரத்தாற் கற்றல், இயந்திரத்தினது கற்றல் என மூவகையாகவும் விரியும். வேண்டுவது மூன்றாவது. சிலர் வழங்கும் ‘இயந்திரவழிக் கற்றல்’ இன்னும் இடர்தரும். மாணவன் கணினி வழியே பாடம் படிப்பதை அன்றோ அது குறிக்கும்? முன்னையதே வழக்கில் நிற்கட்டும். விரியை மட்டும் ஆசிரியர் சொல்லித் தரல்வேண்டும்.

எந்திரம், பொறி என்பன பழஞ்சொற்கள். ஐங்குறுநூற்றிலும் புறநானூற்றிலும் கரும்பாலை எந்திரம் எனப்படுகிறது. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்படுத்தியது யானைப்பொறி. சிந்தாமணியில் விசயை ஏறிச் சென்றது மயிற்பொறி. அதனை இயக்கக் கற்றவள் விசயை. பொறி ஏதும் கற்றிலது. ‘பொறி’ ஐம்புலன்களின் வாயிலையும் குறிக்குமாதலின், கணிப்பொறி என்ற முன்னை வழக்கில் இருபொருளும் நிழலாடின. இன்று ‘கணினி’ அதனைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது.

‘தரவு’ நல்லதொரு பேறு. கலிப்பாவின் முதலுறுப்புக்குப் பெயராக யாப்பில் நின்ற இச்சொல், தருதல் என்னும் அடியினின்று பிறந்து, தரப்பட்டது எனப் பொருள்படும் இலத்தீன் மூலத்தோடு இயல்பாகவே ஒத்துவிட்டது.

இதற்கு மாறாக ‘நெறிமுறை’ அளவிறந்த சுமை தாங்குகிறது. அல்காரிதத்திற்கும் அது, கணினிகள் தம்முள் தொடர்புகொள்ளும் விதிகளுக்கும் அது, ஒழுக்கவியலுக்கும் அதுவே. ‘செயற்கை நுண்ணறிவின் நெறிமுறை’ என்னும் தலைப்பைக் கண்டு, கணக்கிடும் படிகளைக் கூறுவதா, நன்று தீது கூறுவதா என மாணவன் தேர்விலே திகைப்பின் குற்றம் அவனதன்று. படிப்படியாகச் செல்லும் அல்காரிதத்திற்குப் ‘படிமுறை’, ஒழுக்கவியலுக்கு ‘அறநெறி’, தொடர்பு விதிகளுக்கு மட்டும் ‘நெறிமுறை’ எனப் பிரித்து வழங்கலாம் என்பது நம் கருத்து. மூன்றும் முன்னரே வழக்கிலுள்ளன. புதிதாக ஆக்கவேண்டுவது ஒன்றுமில்லை.