கடற்கரைப் பங்களா, தரங்கம்பாடி

வேதாரண்யத்துக்கு வடக்கே, நாகப்பட்டினமும் காரைக்காலும் தாண்டி, அதே கடலோரத்தில் உள்ள பாரம்பரிய விடுதி. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்தது. அவர்கள் விற்ற பிறகு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆங்கிலேயக் கலெக்டர் தங்கிய இந்த இரண்டு மாடி வீட்டை நீம்ரானா நிறுவனம் சீரமைத்து விடுதியாக்கியது. சுற்றிலும் தூண் வரிசையோடு அகன்ற வராந்தா. கிழக்கே கடல், பக்கத்தில் டான்ஸ்போர்க் கோட்டை.

அறைகளுக்கு எண்ணை விடப் பெயரே அடையாளம். ஒரு காலத்தில் இத்துறைக்கு வந்துபோன டேனியக் கப்பல்களின் பெயர்கள் அவை. உள்ளே உயரமான கூரை, பழைய பாணி மரக் கட்டில்கள். உப்புக்காற்று வீசும் இடத்தில் பழைய செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் பொருத்தம்: சுவர் குடித்த ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அடைத்துவைத்துப் பொரிய வைக்கும். இத்தகைய விடுதிகளில் செலவு வைப்பது கட்டிலும் நாற்காலியும் அல்ல, இந்தப் பராமரிப்புதான்.

அலங்காரம் டேனியர் பக்கமே சாய்வது ஒரு குறை. இத்தனைக்கும், கடல் அரித்த பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. இதற்கு மாறாக, நீம்ரானா நிறுவனமே நடத்திய நாயக்கர் இல்லம் தமிழ் வீட்டு அமைப்பைச் சார்ந்தது.