கிணறும் சுரங்கமும்: நிலத்தடி நீரின் உரிமை குறித்து

வடலூருக்கு மேற்கே சில கல் தொலைவிலுள்ள நெய்வேலியின் வரலாறு ஒரு கிணற்றில் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது கரிய பொருளொன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் அதனை வெட்டியெடுக்க நடுவண் அரசின் நிறுவனம் அமைந்தது. கரிப்படுகையின் அடியில் இருப்பதோ அழுத்தம் மிகுந்த ஆர்ட்டீசியன் ஊற்று. இரவு பகலாக நீரை இறைத்து அவ்வழுத்தத்தைத் தணிக்காவிடில் சுரங்கத்தின் தரை பிளந்துவிடும். கரி வெட்டுவோர் முதலில் நீர் இறைத்தாக வேண்டும்.

இந்நீர் யாருக்குரியது? 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த கால்வாயில் ஓடாத நிலத்தடி நீரை நிலவுடைமையாளர் தம் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. இதன் வேர் இங்கிலாந்தில் உள்ளது. லங்காஷயரில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால் பஞ்சாலை ஒன்றின் கிணறு வற்றிற்று. ஆலைக்காரர் வழக்காடினார். ஆக்டன் எதிர் பிளண்டல் எனும் அவ்வழக்கில் 1843இல் தீர்ப்புச் சுரங்கத்தின் பக்கமே நின்றது. சுரங்கத்திற்கும் கிணற்றுக்குமான பழைய பிணக்கொன்றின் முடிவே நம் கிணறுகளுக்கும் விதியாயிற்று எனலாம்.

நீர்ச் சந்தையும் இவ்விதியின் நிழலில் வளர்ந்ததே. கிணறுடையோர் அண்டை வயலுக்கு மணிக்கணக்கிலோ விளைச்சலில் பங்குக்கோ நீர் விடுவர். நகரத்தை அடுத்த சிற்றூர்களில் அது லாரிகளில் ஏறிற்று. நிலமற்றவர்க்கு இச்சந்தையில் வாங்கும் உரிமை மட்டுமே உண்டு. சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென 1987இல் வந்த சட்டம் கிணறு தோண்டவும் நீரை ஏற்றிச் செல்லவும் அனுமதி கோரியது. மாநிலம் முழுமைக்கும் 2003இல் இயற்றப்பட்ட சட்டமோ நடைமுறைக்கு வராமலே 2013இல் நீக்கப்பட்டது.

சந்தையை அரசு நெறிப்படுத்த வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நெய்வேலியில் இறைப்பவரே அரசு நிறுவனம். இறைத்த நீரில் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்குப் போகிறது. மிகுதி பரவனாற்றின் வழியே ஏரிப் பாசனத்தைச் சேர்கிறது. 2004இல் நிறைவுற்ற புதிய வீராணம் திட்டத்தின் குழாயில், ஏரி வறண்ட காலங்களில், இவ்வட்டார ஆழ்துளைக் கிணற்று நீரும் சென்னைக்குப் பயணமானது. ஒருவர் கிணற்றின் இழப்பு மற்றொருவர் வயலின் வரவாகிறது. இவ்விரண்டையும் ஈடுசெய்ய விலையும் இல்லை, விதியும் இல்லை. உழவனின் மோட்டாருக்கு அளவுமானி பொருத்த விழையும் சட்டம் எதுவாயினும், அது முதலில் சுரங்கத்தின் இறைப்புக் குழாயிலிருந்து தொடங்குவதே முறை.