வண்டிக் கொட்டகையில் கிடந்த அமராவதி

கிருஷ்ணா ஆற்றின் தென்கரையில், இன்றைய ஆந்திரத்தின் அமராவதியில் ஒரு பெரும் பௌத்தத் தூபி இருந்தது. கிறிஸ்துவுக்கு முன்பே தொடங்கி, சாதவாகனர் காலத்தில் வளர்ந்து, கி.பி. மூன்றாம் நூற்றாண்டு வரை மெருகேறிய கட்டடம் அது. அடிப்பகுதியின் குறுக்களவு மட்டும் ஏறத்தாழ 50 மீட்டர். சுற்றிலும் ஆளுயரத்தைத் தாண்டிய கல்வேலி. எல்லாமே பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல். வெளிர்பச்சைச் சாயல் கொண்ட அந்தக் கல் உளிக்கு நன்றாக இளகிக்கொடுக்கும். வெள்ளைக்காரர்கள் அதைப் பளிங்கு என்றே எழுதிவைத்தார்கள்.

அந்தக் கல்லில் ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஒரு பலகைக்கு இரண்டு முகங்கள். பழைய முகத்தில் போதிமரம், அதன்கீழ் யாருமில்லாத இருக்கை, சுற்றிலும் வணங்குபவர்கள். புத்தரை உருவமாகக் காட்டாத காலம் அது. சில நூற்றாண்டுகள் கழித்து அதே பலகையைத் திருப்பிப்போட்டு மறுமுகத்தில் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு முழுத் தூபி நிற்கிறது: வேலி, வாயிலில் சிங்கங்கள், ஐந்து தூண்கள், மாலை சூடிய குவிமாடம். தூபியின் கல்லிலேயே தூபியின் படம் இருக்கிறது. கட்டடம் போன பிறகும் அதன் தோற்றம் நமக்குத் தெரிவது இத்தகைய பலகைகளால்தான்.

கட்டடம் போனது ஒரே நாளில் அல்ல. 1790களின் இறுதியில் வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடு என்ற ஜமீன்தார் அமராவதியில் புது ஊர் எழுப்பினார். வீடு கட்டக் கல் வேண்டும், சுண்ணாம்பு வேண்டும். பக்கத்து மேட்டைத் தோண்டினால் இரண்டும் கிடைத்தன. சேதி கேட்டு 1797இல் வந்து பார்த்தவர் காலின் மெக்கன்சி. 1816இல் இந்தியாவின் தலைமை நில அளவையராக அவர் திரும்பி வந்தபோது மேட்டின் நடுப்பகுதியைக் குளமாகவே வெட்டியிருந்தார்கள். அவர் தன் அளவையாளர்களையும் ஓவியர்களையும் உட்காரவைத்தார். எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று வரைபடம் போட்டார்கள். சிற்பங்களை ஒவ்வொன்றாக வரைந்தார்கள். தாளும் மையும் கொண்டு செய்த அந்த வேலையின் அருமை அரை நூற்றாண்டு கழித்தே வெளிப்பட்டது.

1845இல் குண்டூரில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட் மறுபடி தோண்டினார். கிடைத்தவை சென்னைக்கு வந்தன. நுங்கம்பாக்கம் காலேஜ் சாலையில், டி.பி.ஐ. வளாகம் என்று பலரும் அறிந்த இடத்தில் அன்று செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்தது. அதன் முன்னால் வெயிலிலும் மழையிலும் கற்கள் கிடந்தன. 1851இல் அரசு அருங்காட்சியகம் தொடங்கியபின் அதன் பொறுப்பாளரான எட்வர்ட் பால்ஃபோர் அவற்றுக்கு ஒரு காப்பிடம் தேடிக்கொடுத்தார். 1858இல் லின்னேயஸ் ட்ரைப் அவற்றைப் புகைப்படம் எடுத்தார். அடுத்த ஆண்டே 121 துண்டுகள் கப்பலேறின.

லண்டனில் அவற்றை வரவேற்க யாருமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்து, அதன் அருங்காட்சியகமே இடம் மாறிக்கொண்டிருந்த நேரம். கற்கள் ஃபைஃப் ஹவுஸ் என்ற மாளிகையின் குதிரைவண்டிக் கொட்டகைக்குப் போய்ச்சேர்ந்தன. 1867 ஜனவரியில், பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு இந்தியக் கட்டடக்கலைப் படங்கள் தேடிக்கொண்டிருந்த ஒருவர் அவற்றைக் கண்டெடுத்தார். அவர்தான் ஜேம்ஸ் ஃபெர்குசன்.

ஃபெர்குசன் 1808இல் ஸ்காட்லாந்தின் அயர் நகரில் பிறந்தவர். கல்கத்தாவில் வணிகராக இருந்து, அவுரிச் சாயத் தொழிலில் பொருள் சேர்த்தவர். அவுரி பயிரிட்ட வங்காள விவசாயி பட்ட பாடு நாடறிந்தது. ஃபெர்குசனின் ஓய்வும் பயணமும் அந்தத் தொழில் தந்த பணத்தில்தான் நடந்தன என்பதை மறக்கக்கூடாது. 1830களின் நடுவிலிருந்து சில ஆண்டுகள் இந்தியாவைச் சுற்றினார். காட்சி தாளில் விழுவதுபோல் காட்டும் கேமரா லூசிடா என்ற கருவியைக் கொண்டு கோயில்களையும் குகைகளையும் வரைந்தார். குடைவரைகள் பற்றிய நூல் 1845இல் வந்தது. 1871இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் சங்கத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1876இல் வெளியான ‘இந்திய, கீழைநாட்டுக் கட்டடக்கலை வரலாறு’ பல தலைமுறைகளுக்குப் பாடநூலாக இருந்தது. 1886இல் லண்டனில் மறைந்தார்.

ஏட்டை விடக் கட்டடத்தை நம்பியவர் அவர். தூணின் வடிவம், போதிகையின் வளைவு, கூரையின் அமைப்பு ஆகியவற்றை வரிசைப்படுத்தினாலே காலம் தெரியும் என்றார். கார்லே பௌத்தக் குகையின் கூரையில் இருக்கும் மர விட்டங்களைப் பார்த்து, இந்தக் குகை மரக் கட்டடத்தின் நகல் என்று சொன்னார். அந்தப் பார்வை இன்றும் நிற்கிறது. ஆனால் பழையது உயர்வு, பிந்தியது சரிவு என்று அவர் போட்ட கணக்கு நிற்கவில்லை. திருவாரூர்க் கோயிலின் தரைப்படத்தை வைத்து, வெளியே பெரிய கோபுரமும் உள்ளே சின்னக் கருவறையும் இருப்பது குறை என்று எழுதினார். அந்தப் படத்தை அவருக்குத் தந்தது தஞ்சையில் பிறந்த ராம் ராஸ் எழுதி 1834இல் லண்டனில் அச்சான நூல். சிற்ப சாத்திரங்களைத் தேடி, ஸ்தபதிகளிடம் கேட்டு எழுதியவர் ராம் ராஸ். கருவறையைப் பெரிதாக்க மனம் வராமல் தலைமுறை தலைமுறையாகச் சுற்றுகளை மட்டும் சேர்த்துக்கொண்டு போன ஊரின் பக்தி, தரைப்படத்தில் தெரியாது.

கொட்டகையில் கண்ட கற்களைப் படமெடுத்து, சாஞ்சித் தூபியோடு சேர்த்து, 1868இல் ‘மர வழிபாடும் நாக வழிபாடும்’ என்ற நூலாக்கினார் ஃபெர்குசன். எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று அந்தக் கற்கள் சொல்லவில்லை. மெக்கன்சியின் ஓவியர்கள் மண்ணில் உட்கார்ந்து போட்ட படங்களே அவருக்குக் கைகொடுத்தன. அப்படியும் பெரிய பிசகு ஒன்று நேர்ந்தது. தூபியின் அடிப்பகுதியைப் போர்த்தியிருந்த பலகைகளை உள்வேலி என்று எண்ணிவிட்டார். 1880களில் ஜேம்ஸ் பர்ஜஸ் அமராவதியிலேயே தோண்டிப் பார்த்த பிறகுதான் அது தூபியின் போர்வை என்று தெளிவானது. கூர்மையான கண் கொண்ட அறிஞருக்கும், இடம் பெயர்ந்த கல் பாதி உண்மைதான் சொன்னது.

1880இல் லண்டன் கற்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. பர்ஜஸ் எடுத்தவை சென்னை எழும்பூருக்கு வந்து, அருங்காட்சியகச் சுவரில் சிமெண்டு பூசிப் பதிக்கப்பட்டன. அவற்றின் கதைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு 1942இல் நூலாக எழுதியவர் சி. சிவராமமூர்த்தி. ஜாதகக் கதைகளும் நூல்களும் அறிந்த அவர் கையில், ஃபெர்குசன் வடிவமாக மட்டும் பார்த்த கற்கள் பேசத் தொடங்கின.

பௌத்தக் கட்டடங்களோடு உறவுள்ள ஒரு வடிவத்தைப் பார்க்க, இனி சென்னையின் அம்பத்தூர்ப் பக்கம் வருவோம். பாடி திருவலிதாயத்திலும் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலிலும் பிராகாரம் சுற்றுகிறவர்கள் கருவறையின் பின்புறத்தைக் கவனிக்க வேண்டும். நேராக வரும் சுவர் மேற்கே மூலை கட்டாமல் வளைந்து மறுபக்கம் சேர்கிறது. படுத்திருக்கும் யானையின் பின்னுடல் போன்ற இந்த அமைப்புக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். முல்லைவாயிலில் எருக்கந் தூண்களையும், சுவாமிக்கு முதுகு காட்டி நிற்கும் நந்தியையும் பார்க்கத் திரளும் கூட்டம், இந்த வளைவைத் தாண்டிப் போய்விடுகிறது.

தூபியை வளைந்த முனையில் வைத்து, அதைச் சுற்றிவரக் கட்டிய பௌத்த மண்டபங்களின் வடிவமும் இதுவே. கார்லேயில் உள்ளிருந்து பார்க்கலாம்; மாமல்லபுரம் சகாதேவ ரதத்தில் வெளியிலிருந்து பார்க்கலாம். ரதங்களைப் பௌத்தக் கட்டடங்களின் நகலாகவே ஃபெர்குசன் கருதினார். ஆனால் வளைவு எந்த ஒரு சமயத்துக்கும் சொந்தமல்ல. மரம் இழைத்துக் கூரை அமைத்த தச்சர்களுக்குச் சொந்தம். திருவொற்றியூரில் ராஜேந்திர சோழன் காலத்தில் இதே வடிவில் கருங்கல் விமானம் எடுத்த வீரசோழத் தச்சன் என்னும் ரவியின் பெயரைக் கல்வெட்டு காத்துவைத்திருக்கிறது. கட்டியவன் பெயர், காலம், வடிவம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பதற்குக் காரணம், அந்தக் கற்கள் ஊரை விட்டுப் போகாததுதான்.

ஊரை விட்டுப் போகாத கல்லுக்கும் ஆபத்து உண்டு. மணல் வீசிச் சுத்தம் செய்ததில் எழுத்து மழுங்கிய கோயில்கள் தமிழ்நாட்டில் பல. திருப்பணியில் அதிட்டானம் என்னும் அடித்தளம் தரைக்குள் புதைந்த கோயில்களும் பல. தொழிற்பேட்டையும் குடியிருப்பும் நெருங்கி நிற்கும் பாடி, முல்லைவாயில் போன்ற ஊர்களுக்கு ஒரு மெக்கன்சி வரவேண்டிய தேவையில்லை. கைப்பேசியும் அளவு நாடாவும் எல்லார் கையிலும் இருக்கின்றன. திருப்பணிக்குச் சாரம் கட்டும் முன் ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து, கருவறையின் வளைவை அளந்து, எந்தக் கல் எந்த வரிசையில் இருந்தது என்று குறித்து, ஒரு படியைக் கோயிலிலும் ஒரு படியை ஊர் நூலகத்திலும் வைக்க வேண்டும். அதைச் செய்யும் கல்லூரி மாணவர்களும் திருப்பணிக் குழுவும், ஃபெர்குசனுக்குக் கிடைக்காத ஒன்றை அடுத்த நூற்றாண்டின் ஆய்வாளருக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.