பழமை காத்தோரின் மன்றங்கள்

"எல்லோருக்கும் வாக்குரிமை என்பதை எவராவது எதிர்த்திருப்பார்களா, சேர்?" தெஹிவளையில் என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தி கேட்டாள். எதிர்த்தார்கள், எதிர்த்தோருள் நம்மவரும் இருந்தனர் என்றேன். வகுப்பு வியந்தது.

பழமை பேணுவோர் பழைய கருவிகளையே கையாள்வர் என எண்ணுகிறோம். வரலாறு காட்டுவது வேறு. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார், அச்சுக்கூடமும் அமைத்தார். பாடசாலை, அச்சு, பிரசங்கம் ஆகிய மூன்றும் மிஷனரிமாரிடமிருந்து கற்ற படைக்கலங்கள். அவர் மறைந்தபின் 1888இல் சைவ பரிபாலன சபை தோன்றியது. மறு ஆண்டில் 'இந்து சாதனம்' வெளிவந்தது. அந்நிய ஆட்சியின் கீழ் ஒரு சமூகம் தன் குரலைக் கண்டெடுத்த இடங்கள் இவை. அப்பெருமையை மறுத்தல் நேர்மையன்று.

ஆனால், அம்மன்றங்களில் பேசியவர் யாவர்? பெரும்பாலும் நிலமும் கல்வியும் உயர்சாதிப் பிறப்பும் வாய்த்த ஆடவரே. சமூகத்தின் குரல் என்றது அவர்கள் குரலையே.

1911இல் 'கற்ற இலங்கையர்' பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். வாக்காளர் ஏறத்தாழ 3,000 பேரே. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக அஞ்சாது வாதாடியவர் அவர். அவரே டொனமூர் ஆணைக்குழுவின்முன் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். இது தமிழருக்கு மட்டும் உரிய குறையன்று. இலங்கைத் தேசிய காங்கிரசும் சொத்து, கல்வித் தகைமைகளால் வாக்குரிமையை வரையறுக்கவே விரும்பியது. ஏ. ஈ. குணசிங்காவின் தொழிலாளர் இயக்கம் அனைவருக்கும் வாக்குக் கேட்டது. 1927இல் அமைந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கம் பெண்களுக்கு வாக்குக் கேட்டது. 1931இல், 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களித்தனர்.

வாக்குரிமை வந்தும் எல்லா வாயில்களும் திறக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் தாழ்த்தப்பட்டோரின் நுழைவைத் தடுத்து நின்றவர் செல்லப்பா சுந்தரலிங்கம். அவர் ஒக்ஸ்போர்ட்டில் பயின்றவர், கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர்.

ஆசிரியராகிய நமக்கு இதுவே கசப்பான பாடம். கல்வி தானாக எவரையும் முற்போக்காளர் ஆக்குவதில்லை. அச்சும் சபையும் சட்ட அறிவும் கதவைத் திறக்கவும் உதவும், தாழிடவும் உதவும். ஆகவே, ஒரு மன்றத்தில் என்ன பேசப்பட்டது என்பதோடு, அங்கே பேச இடமற்றிருந்தவர் எவர் என்பதையும் மாணவர் கேட்கப் பழக வேண்டும். அம்மாணவியின் பாட்டனாரின் தாய்க்கு அன்று வாக்கில்லை. அதை அவளிடம் சொன்னேன். பாடப்புத்தகத்தை மீண்டும் திறந்தாள்.