கட்டுப் பிரிக்காமல் அனுப்புதல்: வீட்டுத் திரையரங்கக் கணினியும் ஸ்ரீரங்கத்துக் கூடமும்

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய இராப்பத்து நாட்களில் உற்சவரான நம்பெருமாள் ஆயிரங்கால் மண்டபத்திலிருந்து மூலஸ்தானம் திரும்பும்போது வீணை ஏகாந்தம் நடக்கும். அதுவரை நாகஸ்வரமும் தவிலும் அதிரவைத்த பிராகாரம் அடங்கி, வீணையின் நாதம் மட்டும் கேட்கும். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்க வேண்டிய நாதம் அது. பகலில் வீதிப் புறப்பாட்டுக்குப் போனால் வேறோர் அனுபவம். சித்திரை வீதியில் நிற்பவரை நோக்கி நாகஸ்வரம் நடந்து வருகிறது. மூலை திரும்பும் முன்பே எதிர்ச்சுவரில் பட்டு வந்து சேர்கிறது. கடந்து போன பிறகு முதுகுப்பக்கம் தேய்கிறது. ஒலியின் ஏற்ற இறக்கம் ஒன்று, அது வரும் திசை மற்றொன்று. இவ்விரண்டையும் இழக்காமல் ஒலியை ஒரு வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவர முடியுமா என்பதே இக்கட்டுரைக்குப் பின்னால் உள்ள கேள்வி.

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. காவிரிக் கரையின் இசையைக் கிராமந்தோறும் கொண்டுசேர்த்த பெருமை அதற்கு உண்டு. ஆனால் மத்திய அலையில் வந்தது ஒற்றைத் தடம். அதில் திசை இருக்க வழியில்லை. திசைக்கான தேடலைத் தமிழில் திரைப்படமே முன்னெடுத்தது. 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியோடும், 1996இல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியோடும் வந்தன. 2012 டிசம்பரில் 'சிவாஜி' படத்தின் முப்பரிமாண வடிவம் டால்பி அட்மாஸில் வெளியானது. அட்மாஸில் வந்த முதல் இந்தியப் படம் அதுதான். அதற்கு வசனம் எழுதியவர் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதா. படம் இந்த ஒலியில் வந்தபோது அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கேட்டிருந்தால் அதன் உள்வேலையை நமக்கு அவரே எழுதியிருப்பார் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

இனி வீட்டுக்கு வருவோம். டிவியோடு ஒரு கணினியை இணைத்து அதில் படம் பார்ப்பவருக்கு இரண்டு வழிகள். ப்ளூ-ரே வட்டில் சுருக்கிக் கட்டப்பட்டிருக்கும் ஒலியைக் கணினியே கட்டுப் பிரித்து, சுருக்கப்படாத பி.சி.எம். எண்களாக, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்கு அனுப்பலாம். அல்லது கட்டோடு அப்படியே அனுப்பி, பிரிக்கும் வேலையை ரிசீவரிடம் விடலாம். இரண்டாவதற்குப் பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ்த்ரூ என்று பெயர். கட்டோடு அனுப்பினால் ஒலி துல்லியமாக இருக்கும் என்பது ஆர்வலர்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் காரணம் தவறு, முடிவு சரி என்பது என் வாதம்.

ப்ளூ-ரேயில் வரும் டால்பி ட்ரூஎச்.டி., டி.டி.எஸ்-எச்.டி. மாஸ்டர் ஆடியோ இரண்டும் இழப்பற்ற சுருக்க முறைகள். எங்கே பிரித்தாலும் கிடைப்பவை அதே எண்கள். ஆகவே 5.1 அல்லது 7.1 ஒலிக்கு, பிரிக்கும் இடம் மாறுவதால் மட்டும் தரம் மாறாது. பழைய ஆப்டிகல் கேபிளின் கதை வேறு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஆறு தடங்கள் என்றால் நொடிக்கு 69 லட்சம் பிட்டுகள் தேவை. ஆப்டிகல் வழியில் இரண்டு தட பி.சி.எம்., அல்லது 640 கிலோபிட் டால்பி டிஜிட்டல், அல்லது ஏறத்தாழ 1.5 மெகாபிட் டி.டி.எஸ். மட்டுமே போகும். அங்கே இழப்பு மெய்யானது. இன்றும் ஆப்டிகல் கேபிளில் ரிசீவரை மாட்டிவிட்டு மாஸ்டர் ஆடியோ கேட்பதாக நம்புபவர்கள் இருக்கிறார்கள்.

2006இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.3 கட்டோடு அனுப்ப வழி திறந்தது. எட்டுத் தடம், 192 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் கொண்ட பி.சி.எம். போலத் தோற்றம் காட்டி, உள்ளே சுருக்கிய கட்டை வைத்து அனுப்புவதே அதன் உத்தி. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 24.576 மெகாபிட். மாஸ்டர் ஆடியோவின் உச்சவரம்பு 24.5 மெகாபிட்டாக இருப்பதோடு இது பொருந்துகிறது. ஆனால் கணினிகள் இதைச் செய்ய நாளாயிற்று. 2009 செப்டம்பரில் வந்த ரேடியான் எச்.டி. 5000 வரிசையே இவ்வேலையைச் செய்த முதல் கிராபிக்ஸ் கார்டு.

எண்கள் ஒன்றே என்றால் கட்டோடு ஏன் அனுப்ப வேண்டும்? முதல் காரணம் சான்று. பி.சி.எம். வழியில் விண்டோஸின் ஒலிக்கலவை இடையில் புகுந்து மாதிரி வீதத்தை மாற்றலாம், உச்சங்களை மழுக்கலாம். எந்த அறிகுறியும் இருக்காது. ஸ்பீக்கரில் ஒலி வந்துகொண்டேதான் இருக்கும். கட்டோடு அனுப்பும்போது ஒலியளவுக்காக எண்களைக் கணினியில் சற்று மாற்றினாலே கட்டு சிதைந்து, ரிசீவர் மௌனமாகிவிடும் அல்லது இரைச்சல் கேட்கும். ரிசீவரின் முகப்பில் 'ட்ரூஎச்.டி.' என்று எழுத்து வந்தால் வழியில் யாரும் கை வைக்கவில்லை என்று பொருள். ஒலிப்பதிவுகளை ஆவணமாகக் காக்க நினைப்பவருக்கு இந்தச் சான்று மிகப் பெரிது. பிரத்தியேகப் பயன்முறையில் மென்பொருளை அமைத்தால் பி.சி.எம். வழியிலும் கலவையைத் தவிர்க்கலாம் என்பது உண்மை. ஆனால் அதைக் காதால் சோதிக்க முடியாது.

இரண்டாவது காரணமே எனக்கு முக்கியம். அட்மாஸில் ஒலியின் ஒரு பகுதி ஸ்பீக்கர் தடமாக எழுதப்படுவதில்லை. ஒலியும், அது நிற்க வேண்டிய இடத்தின் ஆயத்தொலைவுகளும் சேர்ந்து எழுதப்படுகின்றன. சித்திரை வீதி நாகஸ்வரத்தை இம்முறையில் எழுதினால் 'இந்த நொடி இங்கே, அடுத்த நொடி அங்கே' என்று அதன் பாதையே பதிவாகும். எந்த ஸ்பீக்கர் ஒலிக்க வேண்டும் என்பதைக் கேட்கும் இடத்தில் ரிசீவர் தீர்மானிக்கும். பொதுவாகப் புழங்கும் கணினி மென்பொருள்கள் ட்ரூஎச்.டி.யைப் பிரிக்கும்போது 7.1 தடங்களைத் தந்துவிட்டு இந்த இடக்குறிப்பைக் கைவிடுகின்றன. கணினி வட்டை அறியும், வீட்டை அறியாது.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீட்டில் இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று பாருங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று நீளவாக்கில் ஓடும் வீடு. இருபுறமும் ஒட்டுச் சுவர். முற்றத்துக்கு மேலே வானம். கூடத்துக்கு மேலே தேக்குக் கட்டைகள் வரிசையாக ஓடும் மெட்ராஸ் டெரஸ். ஒலியை மேலே எறிந்து கூரையில் பட்டுத் திரும்ப வைக்கும் ஸ்பீக்கர்களுக்குச் சமதளக் கூரை வேண்டும். இங்கே கட்டைகள் அதைச் சிதறடிக்கும், முற்றம் விழுங்கிவிடும். உத்திரத்திலேயே சிறு ஸ்பீக்கர்களைப் பொருத்துவதுதான் வழி. அவை எத்தனை, எங்கே என்று ரிசீவரிடம் சொல்லிவிட்டால், இடக்குறிப்போடு வந்த ஒலியை அது அந்த வீட்டுக்கு ஏற்பப் பங்கிடும். அறையை அறிந்த கருவியிடமே கடைசிப் பிரிப்பை விட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இங்கே ஒரு வரலாற்றுத் தொடர்பு என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. ட்ரூஎச்.டி.யின் அடித்தளம் மெரிடியன் நிறுவனத்தின் எம்.எல்.பி. முறை. அதற்கு வித்திட்டவர்களில் ஒருவர் ஆங்கிலேயக் கணிதவியலர் மைக்கேல் கெர்சன். 1970களில் ஆம்பிசானிக்ஸ் என்னும் முறையை உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர். ஸ்பீக்கர்களைக் கணக்கில் கொள்ளாமல், ஓரிடத்தைச் சூழ்ந்த ஒலிவெளியையே பதிவுசெய்யும் முறை அது. இழப்பின்மை, திசை என்ற இரண்டு கவலைகளும் ஒரே மனிதரிடம் குடியிருந்திருக்கின்றன. கோயில் ஒலிகளைப் பதிவுசெய்ய முனைவோருக்கு அவருடைய முறை இன்றும் பொருத்தமானது.

கட்டோடு அனுப்புவதில் இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். கணினியின் மற்ற ஒலிகள் கலக்காது. ஒலியளவுக்கு ரிசீவரின் ரிமோட்டையே தேட வேண்டும். டிவி வழியாக ரிசீவருக்குப் போவதானால், ஒலியை எச்.டி.எம்.ஐ.யில் திருப்பி அனுப்பும் பழைய ஏ.ஆர்.சி. வழி போதாது, அதன் மேம்பட்ட வடிவமான இ.ஏ.ஆர்.சி. வேண்டும். ஆனால் ஒட்டுச் சுவர் வீடுகளில் ஒரு நன்மையும் உண்டு. இரவில் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதற்கான குறிப்பு கட்டுக்குள்ளேயே வருகிறது. அதை ஏற்பதா விடுவதா என்பது ரிசீவரில் ஒரு பொத்தான். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கும்போது தவிலை அடக்கிக்கொள்ளலாம். எல்லோரும் விழித்திருக்கும் மாலையில் பொத்தானை விடுவித்தால் தவில் அதன் முழு வலுவோடும், வீணை அதன் முழு மென்மையோடும் வரும்.