மூன்றால் வகுபட்ட ரகசியம்

ஜப்பான் கடற்படை 1939 ஜூனில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சங்கேத முறையை நேச நாட்டினர் ஜேஎன்-25 என்றனர். கப்பல், துறைமுகம், தேதி என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐந்திலக்க எண். அதனுடன் வேறொரு புத்தகத்திலிருந்து எடுத்த சாவி எண்ணைக் கூட்டி வானொலியில் அனுப்புவார்கள். கூட்டுகையில் பத்தை எட்டினாலும் தாண்டினாலும் அடுத்த இலக்கத்துக்கு எதையும் கொண்டுபோவதில்லை: 34122 உடன் 58907 சேர்ந்தால் 82029.

வழியில் எண் பிசகினால் தெரியவேண்டுமே என்று மூல எண்கள் எல்லாவற்றையும் மூன்றால் வகுபடுமாறு அமைத்திருந்தார்கள். அந்த வசதிதான் வினையாயிற்று. சாவியை ஊகித்துக் கழித்துப் பார்க்க, விடைகள் அடுத்தடுத்து மூன்றால் வகுபட்டால் ஊகம் சரி.

1942 ஜனவரியில் சிங்கப்பூரை விட்டு வந்த பிரிட்டிஷ் சங்கேத அலுவலகம் கொழும்பு பெம்புரோக் கல்லூரியில் குடியேறியது. ‘டிஜி’ என்ற இடத்தின்மேல் விமானத் தாக்குதல் வரப்போவதை மார்ச் இறுதியில் ஜேஎன்-25 செய்திகளில் படித்தறிந்து, அது கொழும்புதான் என்று கணித்தது. ஏப்ரல் 1 வாக்கில் எதிர்பார்த்தது 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று வந்தது. துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் முன்பே அனுப்பப்பட்டிருந்தன. ஆனால் கடலில் சென்ற கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டும் அன்றே மூழ்கின. அலுவலகம் மொம்பாசாவுக்குப் போய், 1943இல் கொழும்புக்குத் திரும்பியது.

இன்று வங்கியும் அரசும் நம்பும் ஆர்எஸ்ஏ என்ற சங்கேதப் பூட்டு 1977இல் பிறந்தது. அதன் பலம் இதுதான்: இரு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கற்பலனை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றை மீட்பது மலைப்பான வேலை. இங்கேயும் ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. 2இன் அடுக்குகளை 15ஆல் வகுத்தால் மீதி 2, 4, 8, 1 என்று நான்கு படிக்கொருமுறை திரும்பும். நான்கில் பாதி இரண்டு. 2இன் இரண்டாம் அடுக்கு 4. அதன் இருபுறமும் உள்ள 3, 5 ஆகியவையே 15இன் காரணிகள். பெரிய எண்களில் இந்தச் சுழற்சியைக் குவாண்டம் கணினி விரைந்து கண்டுபிடிக்கும் என்று 1994இல் பீட்டர் ஷோர் காட்டினார். 2001இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் 15ஐயே பிரித்துக் காட்டினர். ஆர்எஸ்ஏ பூட்டின் 2048 பிட் எண்ணைப் பிரிக்கும் இயந்திரம் இன்னும் இல்லை.

கொழும்பில் பிடித்த செய்திக்கு ஒரு வாரம்தான் ஆயுள். நோயாளியின் கோப்பும் ராணுவக் கடிதமும் பல்லாண்டு காக்கப்படவேண்டியவை. இன்று சேகரித்துவைத்துப் பின்னாளில் திறப்பவனுக்கு அவகாசம் நிறைய. எனவே குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் மூன்று தரநிலைகளை அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. இந்தியா 2023இல் 6,003 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்தை அறிவித்தது. அதில் குவாண்டம் தகவல்தொடர்பு மையத்தின் பொறுப்பு சென்னை ஐஐடியிடம் இருக்கிறது.