ஜொகூர் லயத்து வாழ்க்கை ஏன் நிலைக்கவில்லை

ஜொகூரில் முதலில் நிலையில்லாமல் இருந்தது மண்தான். 1840களில் ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிம் ஆற்றங்கரைகளைச் சீன முதலாளிகளுக்கு எழுதிக் கொடுத்தார். அவர்கள் பயிரிட்ட காம்பியர் மண்ணின் சத்தை உறிஞ்சியது. அதன் இலையைக் காய்ச்ச விறகு வேண்டியிருந்ததால் காடும் அழிந்தது. பதினைந்து இருபது ஆண்டுகளில் தோட்டத்தைக் கைவிட்டு வேறு ஆற்றங்கரைக்கு நகர்வது வழக்கமாயிற்று. பின்னால் வந்த ரப்பர் அப்படியல்ல. ஒருமுறை நட்டால் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் நிற்கும் மரம் அது. விலை சரிந்தால் மரத்தையோ நிலத்தையோ நகர்த்த முடியாது, ஆளைக் குறைக்கலாம். சந்தையின் ஆட்டம் பால்மரம் சீவிய தமிழர் தலையில் விழுந்தது இதனால்தான்.

தமிழர் ஊர் திரும்பும் எண்ணத்தோடு வந்தவர்கள், நிலைக்க விரும்பாதது அவர்களே என்பார்கள். முதலாளி ஆளை நீக்குவதுபோல் ஒரு மாத நோட்டீசில் அவர்களும் தோட்டம் மாறலாமே என்றும் கேட்பார்கள். மாறினார்கள்தான், விலை ஏறிய காலத்தில். 1925-இல் ராத்தல் ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற ரப்பர், 1932-இல் பத்துக் காசுக்கும் கீழே போனது. அப்போது அந்த நோட்டீஸ் முதலாளிக்கு மட்டுமே பயன்பட்டது. 1930 முதல் 1932 வரை மலாயாவிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆள் கொண்டுவர 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியே அவர்களைக் கப்பலேற்றவும் செலவானது. கொண்டுவரவும் அனுப்பவும் ஒரே கணக்கு! ஊர் திரும்பும் ஆசையை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது.

கோயிலும் தமிழ்ப்பள்ளியும் கட்டியவர்கள் வேர்விடவில்லையா என்பது வலுவான கேள்வி. விட்டார்கள், ஆனால் அவை பெரும்பாலும் தோட்டத்து நிலத்திலேயே நின்றன. வேலை போனால் தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயமும் போகும், தோட்டம் கைமாறினால் பள்ளியும் இடம் தேடும். ஜொகூரின் ஸ்கூடாய்ப் பக்கம் ரினி தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் இன்னும் தோட்டம் இருக்கிறது. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற 1950களின் துண்டாடல் இந்த உண்மையை எல்லோருக்கும் உணர்த்தியது. மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். கூலியைவிட நிலமே முக்கியம் என்று அவர் கணித்தது சரி. அந்தத் தோட்டக் கொள்முதல் அரை நூற்றாண்டு முன்பே நடந்திருக்க வேண்டும்.